வாவியில் கூட்டாகப் படகோட்டம்: மட்டக்களப்பில் புதிதாகப் படகு வாங்கியவர்களுக்கு

அச்சடித்த வரைபடம் எதையும் நம்பி மட்டக்களப்பு வாவியில் எஞ்சினை முழு வேகத்தில் விட முடியாது. ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். மிக ஆழமான இடத்திலும் சுமார் 4 மீற்றர்தான், பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்கூட இல்லை. மாரி வெள்ளம் ஒவ்வொரு வருடமும் அடிமணலையும் சேற்றையும் இடம் மாற்றும். ஆற்றுவாழை என்ற மிதக்கும் நீர்த்தாவரம் காற்றோடு நகரும். வலைகள் கிழமைக்குக் கிழமை வேறு இடத்தில் கிடக்கும். ஆகவே இங்கே வரைபடம் என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்றுதான்: நேற்றும் முந்தநாளும் ஓடிய மற்றப் படகுக்காரர் சொல்லும் செய்தி. படகுச் சங்கமோ நாலைந்து படகுக்காரர் சேர்ந்த குழுவோ, அதில் சேருவதற்கு முதற் காரணம் அந்தச் செய்திதான். விருந்தும் படமெடுப்பும் பிறகு தானாக வரும்.

படகும் எஞ்சினும்

வாவிக்கு 16 முதல் 19 அடி வரையான பைபர் படகு போதும். அடி தட்டையாக இருக்க வேண்டும். கடலுக்கென்று கட்டிய, அடி கூராக இறங்கும் படகு அலையில் சுகமாகப் போகும், ஆனால் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கத்துச் சேற்றில் முதலில் தட்டி நிற்பதும் அதுதான். எஞ்சின் 9.9 அல்லது 15 குதிரைவலு. 25, 40 என்று மேலே போக ஆசைப்படுபவர்கள் வலைக்கும் தோணிக்கும் நடுவில் அந்த வேகத்தை எங்கே பாவிப்பது என்று முதலில் யோசிக்கட்டும்.

பழைய படகு வாங்கினால் மூன்று இடத்தைப் பாருங்கள். முதலாவது, பைபர் உடம்பை ஒரு நாணயத்தால் சாணுக்குச் சாண் தட்டிக்கொண்டு போங்கள். கணீரென்ற சத்தம் மாறி எங்கே மொத்தென்று கேட்கிறதோ அங்கே படைகள் பிரிந்து தண்ணீர் புகுந்திருக்கிறது. இரண்டாவது, எஞ்சின் பூட்டும் பின்பலகை. எஞ்சினின் கீழ்க்காலைப் பிடித்து மேலும் கீழும் அழுத்தும்போது பலகை அசைந்தால் உள்ளே இருக்கும் மரம் உக்கிவிட்டது. வெளியில் பெயின்ற் புதிதாக இருப்பது ஒன்றையும் நிரூபிக்காது. மூன்றாவது, கியர் ஒயில். எஞ்சின் காலின் கீழ்த் திருகாணியைச் சற்றுத் தளர்த்தி இரண்டு துளி விரலில் எடுங்கள். பால் நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, சீல் போய்விட்டது என்று பொருள். புரொப்பெல்லருக்குப் பின்னால் சுற்றிய தங்கூசி (நைலோன் மீன்பிடி) நூல் சீலை அறுப்பதுதான் இங்கே அதற்கு வழக்கமான காரணம்.

எஞ்சின் காலின் நீளமும் பின்பலகையின் உயரமும் பொருந்த வேண்டும். பலகை சுமார் 15 அங்குலம் என்றால் குட்டைக் கால், 20 அங்குலம் என்றால் நீளக் கால். புரொப்பெல்லருக்கு மேலே கிடையாக இருக்கும் தகடு படகின் அடிமட்டத்தோடு சமமாக, அல்லது ஓர் அங்குலம் கீழே நிற்க வேண்டும். அதைவிட உயர்ந்தால் புரொப்பெல்லர் காற்றை உறிஞ்சி வழுக்கும். தாழ்ந்தால் ஒவ்வொரு திட்டிலும் முட்டும்.

பத்திர விடயம்: மீன்பிடிக்கும் படகு கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களத்தில் பதிவாகியிருக்க வேண்டும், பதிவு எண் படகில் எழுதியிருக்கும். விற்பவரின் பெயரும் பதிவிலுள்ள பெயரும் ஒன்றுதானா என்று பார்க்காமலும், பெயர் மாற்றும் வேலை தொடங்காமலும் முழுக் காசையும் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் நோக்கம் உல்லாசப் பயணமா, மீன்பிடியா, காசு வாங்கி ஆட்களை ஏற்றுவதா என்பதைத் திணைக்களத்தில் தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். மூன்றுக்கும் அனுமதி ஒன்றல்ல.

எரிபொருள்

பழைய இரண்டு ஸ்ரோக் எஞ்சின்களுக்குப் பெற்றோலோடு ஒயில் கலக்க வேண்டும். பெரும்பாலானவற்றுக்கு 50க்கு 1: ஒரு லீற்றருக்கு 20 மில்லி, 20 லீற்றருக்கு 400 மில்லி. புது எஞ்சினை முதல் 10 மணித்தியாலம் பழக்கும்போது கூடுதல் ஒயில் கேட்பார்கள், கைநூலில் இருக்கும் அளவைப் பாருங்கள். தண்ணீரில் ஓடும் எஞ்சினுக்கென்று விற்கும் ஒயிலையே வாங்குங்கள். மோட்டார் சைக்கிள் ஒயில் கொஞ்ச நாளில் பிளக்கைக் கரியாக்கி, நடு வாவியில் உங்களைச் சவள் (துடுப்பு) வலிக்க வைக்கும்.

15 குதிரைவலு இரண்டு ஸ்ரோக் எஞ்சின் முழு வேகத்தில் மணிக்கு 6 லீற்றர் அளவு குடிக்கும். பாதி வேகத்தில் அதன் பாதியையும் விடக் குறைவு. ஆனால் ஆள் பாரமும் புரொப்பெல்லரும் கணக்கை மாற்றும். ஆகவே தாங்கியை நிரப்பி, வழக்கமான பாரத்தோடு ஒரு மணித்தியாலம் ஓடி, மீண்டும் நிரப்பி எத்தனை லீற்றர் போனது என்று அளந்து, அந்த எண்ணைத் தாங்கியிலேயே எழுதிவையுங்கள். பிறகு மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. எதிர்காற்றில் திரும்பி வரும்போது அந்தக் கையிருப்பின் அருமை தெரியும்.

தாங்கி மூடியில் உள்ள காற்றுத் திருகாணியைத் திறக்க மறப்பதுதான் புதியவர்களின் முதல் “எஞ்சின் பழுது”. ஐந்து நிமிடம் நன்றாக ஓடும், பிறகு மூச்சு வாங்கி நிற்கும். கைப்பம்பை அமத்தினால் சற்று ஓடி மீண்டும் நிற்கும். மெக்கானிக்கைக் கூப்பிட முன் மூடியைப் பாருங்கள். கைப்பம்பின் அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும் என்பதையும் அத்தோடு சேர்த்துப் பாருங்கள்.

படகில் ஏற்றுபவை

ஏறும் ஒவ்வொருவருக்கும் ஒரு உயிர்காப்பு அங்கி, அதுவும் உடுத்தபடி. இருக்கைக்கு அடியில் கட்டி வைத்த அங்கி கணக்கில் இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அங்கியைக் கட்டி, காலைத் தூக்கிப் பாருங்கள். நாடி தண்ணீருக்கு மேலே நிற்க வேண்டும். பிள்ளைகளின் அங்கிக்குத் தொடையிடுக்கால் வரும் பட்டி அவசியம். அது இல்லாவிட்டால் பிள்ளை கீழே வழுகும், அங்கி மட்டும் மேலே மிதக்கும்.

எஞ்சினை நிறுத்தும் சிவப்புக் கயிற்றை ஓட்டுபவர் கையிலோ முழங்காலிலோ மாட்டியே ஓட்ட வேண்டும். ஆள் விழுந்து எஞ்சின் தொடர்ந்து ஓடினால் படகு வட்டமடித்து விழுந்தவர் மேலேயே வரும்.

நங்கூரம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கரைவலைப் பக்கங்களில் இரும்புக் கம்பியை வளைத்துச் செய்யும் நாலு கொக்கி நங்கூரம் கல்லில் நன்றாகப் பிடிக்கும், வாவிச் சேற்றில் உழுதுகொண்டு வரும். சேற்றுக்கு அகன்ற தகடுள்ள நங்கூரம் வேண்டும். 4 அல்லது 5 கிலோ, அதோடு 2 மீற்றர் சங்கிலி, 10 மில்லிமீற்றர்க் கயிறு 20 மீற்றர். விடும் கயிற்றின் நீளம் ஆழத்தைப்போல் ஐந்து மடங்காவது இருக்க வேண்டும், ஆழத்தோடு அணியத்தின் (படகின் முன்முனை) உயரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர் 2 மீற்றர், அணியம் அரை மீற்றர் என்றால் பன்னிரண்டரை மீற்றர். காற்றென்றால் ஏழு மடங்கு. கயிறு செங்குத்தாக நின்றால் நங்கூரம் பிடிக்காது, தூக்கும்.

இனி மற்றவை: இரண்டு சவள். அடிக்கு அடி பெயின்ற் கோடு போட்ட 10 அடி மூங்கில் கம்பு, ஆழம் பார்க்கவும் தள்ளவும். தண்ணீர் இறைக்கப் பெரிய கோப்பையும் வாளியும், இரண்டையும் கயிற்றால் படகோடு கட்டி. இழுவைக்கு 12 மில்லிமீற்றர் நைலோன் கயிறு 20 மீற்றர். உறையில் கூரான கத்தி. விசில், தண்ணீர் புகாத ரோர்ச். பிளக் இரண்டும் பிளக் சாவியும், எஞ்சின் ஸ்ராட் கயிறு ஒன்று. புரொப்பெல்லர் நட்டுக்கான சாவி, புரொப்பெல்லரை அச்சோடு பிடிக்கும் ஊசி. போன் தண்ணீர் புகாத பையில். குடிதண்ணீர் ஆளுக்கு 3 லீற்றர். வாவித் தண்ணீர் உப்பு, வெயிலோ இரக்கமில்லாதது. கையில் பிடிக்கும் கடல் ரேடியோ வாங்க நினைப்பவர்கள் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் உரிமம் இல்லாமல் வாங்காதீர்கள். வாவிக்குள் போனே போதும்.

காற்றும் காலமும்

வாவி வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நீண்டு ஒடுங்கிக் கிடக்கிறது. நீளவாட்டில் அடிக்கும் காற்றுக்கு ஓடக் கிடைக்கும் தூரம் அதிகம், தண்ணீர் ஆழமில்லை. விளைவு, உயரமில்லாத ஆனால் நெருக்கமான, செங்குத்தான அலை. கடலலையைவிட இதுதான் சிறு படகுக்குள் தண்ணீரை அள்ளிப் போடும். வாடைக் காலத்தில் தெற்கே போவது சுகம், திரும்புவது தண்டனை. ஆகவே வாடை என்றால் முதலில் எதிர்த்துப் போய், களைத்த பிறகு காற்றோடு வாருங்கள். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மே முதல் ஆகஸ்ட் வரை படுவான்கரை ஓரமாக ஓடினால் கரை காற்றைத் தடுக்கும், கிழக்கே எழுவான்கரை ஓரத்தில் அலை மோதும். அந்த மாதங்களில் தண்ணீர் வற்றி, போன மாதம் ஓடிய வழி இந்த மாதம் திட்டாகும்.

புதியவர்களுக்கு ஏற்ற காலம் பெப்ரவரிக் கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை, காலை 6 மணியிலிருந்து 10 மணிக்குள். மார்ச், ஏப்ரல், ஒக்டோபர் மாதங்களில் பின்னேர இடி கடுமையாக வரும். திறந்த தண்ணீரில் உயர்ந்து நிற்பது நீங்கள்தான். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 30 எண்ண முடியாவிட்டால் கரை ஏறிவிடுங்கள். நவம்பரிலிருந்து ஜனவரி வரை வானிலை அறிவிப்பில் தாழமுக்கம் என்ற சொல் வந்தாலே கூட்டுப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். 1978 நவம்பர் 23இல் அடித்த சூறாவளியை இந்த ஊர் இன்னும் பேசுகிறது.

முகத்துவாரம் தனி விடயம். வருடத்தில் பல மாதம் மணல் மேடு கடலையும் வாவியையும் பிரித்து நிற்கும். மழையில் நீர்மட்டம் ஏறித் தாழ்ந்த இடங்கள் மூழ்கும் நிலை வந்தால் அதை வெட்டிவிடுவார்கள், சில வேளை அது தானே உடையும். வெட்டிய நாட்களில் வாவி முழுவதும் அந்த ஓர் இடுக்கால் கடலுக்கு ஓடும். 15 குதிரைவலு அந்த இழுவையை எதிர்க்காது. பாலமீன்மடு வெளிச்சவீடு கிட்டத் தெரியும் தூரத்துக்கு அந்த நாட்களில் போகவே வேண்டாம். தெற்கே பெரியகல்லாற்று முகத்துவாரத்துக்கும் இதே விதி.

புதியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று: 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானியக் குண்டுகளில் மூழ்கிய ஹேர்ம்ஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கும் இடத்துக்கு வாவிப் படகில் போகலாமா? போகக்கூடாது. அது திறந்த கடல், கப்பல் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது, மேலே பார்க்க ஒன்றும் இல்லை. சுழியோடிகளுக்கு அதற்கென்று கடல் படகுகள் இருக்கின்றன.

செய்தி எழுதுவது

குழுவில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே நீங்கள் செய்தி வாங்குபவர் மட்டுமல்ல, கொடுப்பவரும்தான். படகு ஓட்டத் தெரியாதவர்கூட இதை நன்றாகச் செய்யலாம். வட்ஸ்அப் குழுவில் “இண்டைக்கு வாவி சுப்பர்” என்று போடுவதால் ஒருவருக்கும் பயனில்லை. பயனுள்ள செய்திக்கு ஐந்து விடயம் வேண்டும்: திகதியும் நேரமும், கரையிலிருந்து அடையாளம் காணக்கூடிய இடம், கம்பால் அளந்த ஆழம், எதைக் கண்டீர்கள், நேரில் கண்டதா கேட்டதா. இப்படி:

“சனி காலை 7.20. மண்முனைப் பாலத்துக்குத் தெற்கே, எழுவான்கரையிலிருந்து ஏறத்தாழ 300 மீற்றர். கம்பில் 3 அடி, சேறு. ஆற்றுவாழை பாலத்தின் கிழக்குக் கண்கள் இரண்டையும் அடைத்திருக்கிறது, நடுக்கண் திறந்திருக்கிறது. நேரில் கண்டது.”

குரல் பதிவு வேண்டாம். எஞ்சின் இரைச்சலில் போடுபவருக்கும் கேட்பவருக்கும் புரியாது, பிறகு தேடவும் முடியாது. எழுத்தும், முடிந்தால் வரைபடக் குறியும் போடுங்கள். போன் கருவியில் ஆழத்தைத் தானாகக் காட்டும் செயலிகளை வாவிக்கு நம்ப வேண்டாம்.

செய்திக்கு ஆயுள் உண்டு. ஆற்றுவாழை பற்றியது ஒரு காற்று மாறும் வரை, வலை பற்றியது இரண்டு மூன்று நாள், திட்டு பற்றியது அடுத்த பெருமழை வரை. குழுவில் ஒருவர் மாதத்துக்கு ஒருமுறை பழையதைக் கழித்து, மிச்சத்தை வடக்கிலிருந்து தெற்காக வரிசைப்படுத்தி ஒரு பக்கமாக எழுதினால், அதை அச்சடித்துப் பிளாஸ்ரிக் உறையில் போட்டுப் படகிலேயே வைக்கலாம். நல்ல சங்கத்தை அந்த ஒரு பக்கத்தை வைத்தே மதிப்பிடலாம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

மூன்று கட்டுப்பாடு. யாருடைய வலை, எங்கே நல்ல மீன் படுகிறது என்று எழுதாதீர்கள். அது ஒருவரின் பிழைப்பு. விபத்துச் செய்தியைக் குடும்பத்துக்குத் தெரியும் முன் பகிராதீர்கள். முதலை பற்றிய செய்தியை மட்டும், கேட்டதாக இருந்தாலும் போடுங்கள்.

முதல் கூட்டுப் பயணம்

கல்லடிப் பாலத்திலிருந்து மண்முனைப் பாலம் வரை போய் வருவது புதியவர்களுக்குச் சரியான அளவு. ஒரு வழி சுமார் 10 கிலோமீற்றர், ஆறுதலாக ஓடினால் ஒரு மணித்தியாலம். படகு மூன்றுக்குக் குறையாமல், ஆறுக்கு மேற்படாமல்.

1. முதல் நாள் மாலையே கரையில் நிற்கும் ஒருவரிடம் தாள் ஒன்று கொடுங்கள்: படகின் நிறம், எண், ஏறுபவர்களின் பெயர், போன், போகும் வழி, திரும்பும் நேரம். சொன்ன நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் கடந்தால் அவர் எல்லோருக்கும் போன் எடுக்க வேண்டும். பதில் இல்லாவிட்டால் 119. யாருக்கும் காயமென்றால் 1990, வெள்ளம் புயலென்றால் 117. இந்த எண்கள் போனில் இருந்தால் போதாது, தாளிலும் இருக்கட்டும்.

2. காலையில் எஞ்சினைக் கரையோரத்தில் ஸ்ராட் செய்து ஐந்து நிமிடம் விடுங்கள். பின்னால் ஊசி போல் தண்ணீர் பீச்ச வேண்டும். முன், பின் கியர் இரண்டும் விழுகிறதா பாருங்கள்.

3. வழி தெரிந்தவர் முன்படகு. கருவிகளும் இழுவைக் கயிறும் மெக்கானிக் கையும் உள்ளவர் கடைசிப் படகு. மிக மெதுவான படகு இரண்டாவதாக, அதன் வேகமே எல்லோருக்கும் வேகம். மெதுவான படகைக் கடைசியில் விடுவது பிழை, அது தொலைவதை யாரும் காணமாட்டார்கள்.

4. ஒவ்வொரு படகும் பின்னால் வரும் படகுக்குப் பொறுப்பு. பின்படகு தெரியாவிட்டால் நீங்கள் நில்லுங்கள், அப்போது முன்னால் போகிறவரும் நிற்பார். இடைவெளி 50 மீற்றர், திட்டுப் பக்கங்களில் 100.

5. நேருக்கு நேர் வந்தால் இருவரும் வலப்பக்கம் திரும்புங்கள். குறுக்கே வந்தால் உங்கள் வலப்பக்கம் தெரியும் படகுக்கு வழி விடுங்கள். முந்துபவர் விலகிப் போக வேண்டும். விசில் ஒருமுறை வலம், இருமுறை இடம், மூன்று முறை பின்னோட்டம், ஐந்து குறுகிய ஒலி என்றால் ஆபத்து அல்லது உங்கள் நோக்கம் புரியவில்லை. இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி மெதுவாக உயர்த்தித் தாழ்த்தினால் உதவி கேட்கிறார்.

கல்லடியில் பழைய இரும்புப் பாலத்தில் தூண்டில் போடுபவர்கள் நிற்பார்கள். நடுக்கண்ணால், மெதுவாக, மேலே பார்த்தபடி போங்கள். தங்கூசி கழுத்தில் மாட்டினால் விளையாட்டல்ல. பாலத்துக்கு அடியில் ஒருபோதும் நிற்க வேண்டாம். அங்கிருந்து தெற்கே காத்தான்குடி, ஆரையம்பதிக் கரையோரம் வலைக்குச்சிகள் நெருக்கமாக இருக்கும், நடுவாக ஓடுங்கள். 2014இல் திறந்த மண்முனைப் பாலம் தூரத்திலேயே தெரியும். பாலத்துக்கு 200 மீற்றர் முன் எல்லாப் படகும் நின்று, ஆட்களை எண்ணி, தாங்கியைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

இதில் பழகிய பிறகு மண்டூர். கல்லடியிலிருந்து சுமார் 30 கிலோமீற்றர், முழு நாள் வேலை. குருக்கள்மடத்துக்கும் அம்பிலாந்துறைக்கும் இடையிலும், குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலும் பாதை (ஆட்களை அக்கரைக்கு ஏற்றும் மிதவை) ஓடும் இடங்களில் கவனம். ஆட்களும் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் ஏற்றிய பாதை சட்டென்று திரும்பவோ நிற்கவோ முடியாதது. அது துறையை விட்டுக் கிளம்பினால் 100 மீற்றர் தள்ளி நின்று, கடந்த பிறகு அதன் பின்பக்கத்தால் போங்கள். இரண்டுக்கும் நடுவில் பட்டிருப்புப் பாலம் வரும், அங்கும் நடுக்கண்தான். மண்டூரில் கோயிலுக்குப் போக நினைப்பவர்கள் திருவிழாக் காலத்தைத் தவிருங்கள். துறையில் படகு கட்ட இடமிருக்காது.

வலைக்காரருக்கு முன்னால்

வாவி முதலில் தொழில் செய்பவர்களுக்குரியது. தோணியில் ஒருவர் நின்று வலை வீசும்போது உங்கள் படகின் அலை அவரைக் கவிழ்க்கும். 100 மீற்றருக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். கிட்டப் போய்ச் சட்டென்று குறைத்தால் பின்னலை மொத்தமாக எழும்பி அவரிடம் போகும். வெற்றுப் போத்தலோ நுரைத் துண்டோ வரிசையாக மிதந்தால் அதன் கீழே வலை. வழி தெரியாவிட்டால் எஞ்சினை நிறுத்திக் கேளுங்கள்: “அண்ணே, வலை எங்கால கிடக்கு?” காத்தான்குடிப் பக்கமென்றால் “காக்கா” (அங்கே முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் சொல்). கை காட்டும் திசையில் போங்கள். திட்டு எங்கே என்று எந்தச் சங்கத்தைவிடவும் அவருக்குத் தெரியும்.

வலை புரொப்பெல்லரில் சுற்றிவிட்டால்: எஞ்சினை நிறுத்தி, சிவப்புக் கயிற்றைக் கழற்றி, கியரை நடுவில் வைத்து, எஞ்சினைத் தூக்குங்கள். புரொப்பெல்லரைக் கையால் எதிர்ப்பக்கம் சுற்றினால் பெரும்பாலும் அவிழும். வெட்டுவது கடைசி வழி. வெட்டினால் உரியவரைத் தேடிச் சொல்லி, பெறுமதியைக் கொடுங்கள். இதில் ஒளிக்கும் ஒருவரால் முழுக் குழுவுக்கும் கரையில் மரியாதை போகும். வீட்டுக்குப் போன பிறகு புரொப்பெல்லரைக் கழற்றி அச்சில் தங்கூசி மிச்சமிருக்கிறதா என்று பார்க்கத் தவறாதீர்கள்.

நடுவழியில் நின்றால்

தட்டிவிட்டதா? உடனே நிறுத்துங்கள். பின்கியர் போட்டு உறுமினால் சேறு தண்ணீர்ப் பம்புக்குள் ஏறி, ஒரு பயணத்தோடு இம்பெல்லர் (பம்புக்குள் சுழலும் ரப்பர்ச் சக்கரம்) தேயும். எஞ்சினைத் தூக்கி, ஆட்களை ஆழமான பக்கத்துக்கு நகர்த்தி, வந்த வழியே கம்பால் தள்ளுங்கள். வெறுங்காலோடு குதிக்காதீர்கள். சேறு முழங்காலுக்கு மேல் விழுங்கும், சிப்பி ஓடு வெட்டும், திருக்கை முள் இன்னும் மோசம். கண்டல் ஓரமென்றால் முதலையையும் நினையுங்கள். இறங்கியே ஆக வேண்டுமென்றால் சப்பாத்தோடு, காலைத் தூக்காமல் தேய்த்து நடவுங்கள், திருக்கை விலகும்.

பின்னால் பீச்சும் தண்ணீர் நின்றதா? ஒரு நிமிடமும் ஓட்டாதீர்கள். எஞ்சினைத் தூக்கினால் பெரும்பாலும் தண்ணீர் இழுக்கும் சல்லடையில் பொலித்தீன் பை அல்லது பாசி ஒட்டியிருக்கும். அது சுத்தமென்றால் பீச்சும் துளையைக் கெட்டித் தங்கூசித் துண்டால் குத்துங்கள். அதற்கும் வராவிட்டால் இம்பெல்லர், இழுத்துத்தான் போக வேண்டும்.

எஞ்சின் இரைகிறது, படகு நகரவில்லை என்றால் புரொப்பெல்லரின் உள்ரப்பர் வழுக்குகிறது, அல்லது சிறிய எஞ்சினில் ஊசி முறிந்திருக்கிறது. ரப்பரென்றால் மிகக் குறைந்த வேகத்தில் வீடு வரலாம். ஊசியென்றால் கொண்டு வந்ததை மாற்றுங்கள். ஆணியை வெட்டிப் போடாதீர்கள், அடுத்தமுறை முட்டும்போது ஊசிக்குப் பதில் கியர் முறியும்.

இழுக்கும்போது கயிற்றை அணியத்தின் கீழே உள்ள வளையத்தில் கட்டுங்கள், மேலே உள்ள கட்டையில் அல்ல. இழுக்கும் படகில் பின்பலகையின் இரண்டு மூலையிலிருந்தும் கயிறு வந்து நடுவில் சேர வேண்டும், ஒரு மூலையில் மட்டும் கட்டினால் திரும்ப மாட்டாது. இழுபடும் படகில் எஞ்சின் தூக்கியிருக்கட்டும், ஆட்கள் நடுவில் இருக்கட்டும். நடை வேகத்தைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். கயிற்றின் நேர்கோட்டில் யாரும் இருக்கக்கூடாது, அறுந்த நைலோன் திரும்பி அடிக்கும். கத்தி கையெட்டும் இடத்தில்.

இரவில், பாடும் மீனுக்காக

ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் பூரணை நாளை ஒட்டிய இரவுகளில் கல்லடிப் பாலத்தடியில் கேட்கும் ஒலிக்காகப் புதியவர்கள் ஆசைப்படுவார்கள். பாலத்துக்கு அடியில் கட்டாமல், சற்றுத் தள்ளி நங்கூரம் போடுங்கள். எஞ்சினையும் பேச்சையும் நிறுத்தி, சவளின் ஒரு நுனியைத் தண்ணீரில் வைத்து மறுநுனியைக் காதோடு சேருங்கள். காற்றுள்ள இரவில் அலை தட்டும் சத்தம்தான் கேட்கும், அன்று வீட்டில் இருப்பது நல்லது.

7 மீற்றருக்குக் குறைந்த, மெதுவாக ஓடும் படகுக்கு எல்லாத் திசையும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கு குறைந்தபட்சம். முடிந்தால் இடப்பக்கம் சிவப்பும் வலப்பக்கம் பச்சையும் போடுங்கள். விளக்கு ஓட்டுபவரின் கண்ணில் படாதபடி தலைக்கு மேலே இருக்க வேண்டும். ரோர்ச்சை முன்னால் அடித்தபடி ஓடினால் ஒளிவட்டத்துக்கு வெளியே ஒன்றும் தெரியாது, விளக்கில்லாத தோணியும் தெரியாது. இரவில் 20 படகு நீளத் தூரத்துக்குள் நிறுத்த முடியாத வேகம் எதுவும் வேண்டாம்.

கரைக்கு வந்த பிறகு

உப்புத் தண்ணீரில் ஓடிய எஞ்சினை அன்றே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். பெரிய பரலில் தண்ணீர் நிரப்பி, சல்லடை மூழ்கும்படி எஞ்சினை இறக்கி, பத்து நிமிடம் மெதுவாக ஓடவிடுங்கள். எரிபொருள் குழாயைக் கழற்றிக் காபரேட்டரில் மிஞ்சியதை எரித்து நிறுத்துங்கள். கலந்த பெற்றோல் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தால் பசையாகும். இம்பெல்லரை வருடத்துக்கு ஒருமுறை, வாவிச் சேற்றில் அடிக்கடி ஓடினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கியர் ஒயிலையும் அப்படியே. எஞ்சின் காலில் உள்ள துத்தநாக (சிங்க்) துண்டு பாதியாகக் கரைந்தால் புதியது போடுங்கள். அதன் மேல் பெயின்ற் அடிக்காதீர்கள், அடித்தால் அது வேலை செய்யாமல் எஞ்சின் கால் கரையும்.

நவம்பர் வர முன் படகைக் கரைக்கு ஏற்றி, பின்னால் உள்ள அடைப்பைக் கழற்றி, அணியத்தைச் சற்று உயர்த்தி வையுங்கள், மழைத் தண்ணீர் தானாக வடியும். கழற்றிய அடைப்பை எஞ்சின் சாவியோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். அடைப்பில்லாமல் பெப்ரவரியில் படகை இறக்குபவர் ஒவ்வொரு வருடமும் குறைந்தது ஒருவராவது இருக்கிறார்.